கமோடு ஆடுகிறதா, அடியில் கசிகிறதா? கடலூர், புதுவை வீடுகளுக்கான கேள்வி பதில்

தரையில் உட்காரும் வெஸ்டர்ன் கமோடும், தரைக்குள் போகும் குழாயும் சேரும் இடம் உடைந்தாலோ தளர்ந்தாலோ என்ன செய்வது என்பதற்கான பக்கம் இது. எதை நாமே வீட்டில் செய்யலாம், எதற்குக் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும் என்று அங்கங்கே சொல்லியிருக்கிறேன். சுவரில் தொங்கும் மாடலுக்கு இது பொருந்தாது.

கமோடுக்கு அடியில் என்னதான் இருக்கிறது?

முதலில் உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். டிராப் என்பது நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு. கழிவு நேராகக் கீழே தரைக்குள் இறங்கினால் எஸ்-டிராப். பின்பக்கமாகச் சுவருக்குள் போனால் பி-டிராப். கமோடின் பின்னால் குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். தரைத்தள வீடுகளில் எஸ்-டிராப் அதிகம், மாடிகளில் பி-டிராப் அதிகம்.

எஸ்-டிராப் கமோடின் கீழ்வாய், தரையிலிருந்து தலைகாட்டும் நாலு இன்ச் பிவிசி குழாய்க்குள் இறங்கி நிற்கும். கடையில் நாலு இன்ச் என்று கேட்டால் கொடுப்பது 110 மி.மீ. வெளிவிட்டம் உள்ள குழாய். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஒரு ரப்பர் ரிங்கோ மெழுகு ரிங்கோ அடைக்கும். பழைய வேலையாக இருந்தால் சணலைச் சிமெண்டுப் பாலில் நனைத்துத் திணித்திருப்பார்கள். சில வீடுகளில் குழாயின் தலையில் ஃபிளாஞ்ச் என்ற தட்டையான வளையம் தரையோடு பதிந்திருக்கும். கமோடைத் தரையோடு பிடித்து வைப்பது இரண்டு அல்லது நாலு ஸ்க்ரூ.

ஆடாமல் பிடிப்பது ஸ்க்ரூவின் வேலை, கசியாமல் அடைப்பது ரிங்கின் வேலை. ஸ்க்ரூ தளர்ந்தால் கமோடு ஆடும். ஆட ஆட ரிங் நசுங்கி விலகும். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஃப்ளஷ்ஷுக்கும் கொஞ்சம் கழிவுநீர் டைல்ஸுக்கு அடியில் போய்க்கொண்டே இருக்கும். வெளியே ஈரம் தெரியும்போது உள்ளே நிரப்பு மணல் ஏற்கெனவே ஊறிப்போயிருக்கும். அதனால்தான் லேசாக ஆட ஆரம்பித்தபோதே கவனிக்கச் சொல்கிறேன்.

நம் பக்கத்து வீடுகளில் இது ஏன் சீக்கிரம் கெட்டுப்போகிறது?

தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம், வீராம்பட்டினம் என்று கடலை ஒட்டியுள்ள இடங்களில் உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது. ஜன்னல் கம்பிக்கு ஆவதுதான் கமோடு ஸ்க்ரூவுக்கும் ஆகிறது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இன்னும் மோசம்.

ஆனால் உப்புக்காற்றை விடப் பெரிய எதிரி நாமே வாங்கி வருகிற ஆசிட் பாட்டில். பாத்ரூம் கழுவ விற்கும் ஆசிட், தண்ணீர் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். கறையை எடுப்பது போலவே டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமெண்டையும் அது கரைக்கும், கமோடைச் சுற்றிப் பூசிய ஒயிட் சிமெண்டையும் கரைக்கும், ஸ்க்ரூவையும் தின்னும். எவர்சில்வர் ஸ்க்ரூ கூட அதில் தாங்காது. கமோடின் உள்ளே ஊற்றித் தேய்த்தால்கூடப் பரவாயில்லை, தரையில் ஊற்றித் துடைப்பத்தால் தேய்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவை மூடிய சின்ன பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

மூன்றாவது காரணம் தரை இறங்குவது. மணல் நிரப்பித் தளம் போட்ட வீடுகளில் தண்ணீர் நின்று வடிந்தால் நிரப்பு கொஞ்சம் அமுங்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரையைக் கடந்தது. அந்த மழையிலும் அடுத்து வந்த தென்பெண்ணை வெள்ளத்திலும் தண்ணீர் புகுந்த வீடு என்றால், கமோடு ஆடுகிறதா என்று ஒருமுறை இரண்டு கையாலும் பிடித்து அசைத்துப் பாருங்கள்.

கசிவு கமோடின் அடியிலிருந்துதான் வருகிறது என்று எப்படி உறுதி செய்வது?

கழற்றுவதற்கு முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். பாதி வீடுகளில் தண்ணீர் மேலே இருந்துதான் சொட்டும்: ஆங்கிள் வால்வு, கனெக்‌ஷன் பைப், ஹெல்த் ஃபாசெட், ஃப்ளஷ் டேங்கின் அடி நட்டு. இவை ஒவ்வொன்றிலும் காய்ந்த டிஷ்யூ காகிதத்தைச் சுற்றிக் கொஞ்ச நேரம் விடுங்கள். எது நனைகிறதோ அதுதான் குற்றவாளி.

எல்லாம் காய்ந்தே இருந்தால், ராத்திரி எல்லோரும் போய்வந்த பிறகு தரையை நன்றாகத் துடைத்து, கமோடைச் சுற்றிச் செய்தித்தாளைக் கிழித்து விரித்து வையுங்கள். சமையலறையில் இருக்கும் கேசரிப் பவுடர் ஒரு ஸ்பூனை கமோடுக்குள் போட்டுக் கரைத்து, இரண்டு மூன்று முறை ஃப்ளஷ் செய்யுங்கள். காகிதத்தில் ஆரஞ்சு நிறம் ஏறினால் ரிங் போய்விட்டது, அல்லது கமோடில் விரிசல். நிறமில்லாத ஈரம் வந்தால் அது குழாய்த் தண்ணீர், அல்லது குளித்த தண்ணீர் டைல்ஸ் இடுக்கில் தேங்கி வருவது. ஃப்ளஷ் செய்யாமலே நிறம் கசிந்து வந்தால் விரிசல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லேசாக ஆடுகிறது, கசிவு எதுவும் இல்லை. கழற்றாமலே சரிசெய்யலாமா?

செய்யலாம். ஸ்க்ரூவின் பிளாஸ்டிக் மூடியை எடுத்து, ஸ்பானரால் இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்குங்கள். ஒரே பக்கம் முழுதாக முறுக்கினால் பீங்கான் விரியும். கை இறுக்கம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

முறுக்கிய பிறகும் ஆடினால் தரை மட்டமாக இல்லை என்று அர்த்தம். எந்த மூலை தூக்கி நிற்கிறதோ அங்கே பிளாஸ்டிக் சீவலைச் செருகி ஆட்டத்தை நிறுத்திவிட்டு முறுக்குங்கள். அட்டை, மரச்சில்லு வேண்டாம், ஊறி அழுகிவிடும். ஸ்க்ரூ முறுக்க முறுக்கச் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் தரைக்குள் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பிளக் போய்விட்டது. அதற்குக் கமோடைத் தூக்கியே ஆக வேண்டும்.

வீட்டில் முட்டிவலியோடு கையை ஊன்றி எழுந்திருக்கும் பெரியவர்கள் இருந்தால் இந்த வேலையை நாளைக்கு என்று தள்ளாதீர்கள். ஆடும் கமோடிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதற்கு ஆகும் செலவும் வேதனையும் எங்கோ போய் நிற்கும்.

சுற்றி ஒயிட் சிமெண்ட் பூசிவிட்டால் போதாதா? எங்கள் கொத்தனார் அதைத்தான் செய்தார்.

பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள். நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

பூசினால் கசிவு நிற்காது. வெளியே வரும் வழி மட்டும் அடைபடும். தண்ணீர் டைல்ஸுக்கு அடியிலேயே தங்கி, பக்கத்து அறைச் சுவரில் ஈரமாக ஏறும், பெயிண்ட் உரியும், உப்புப் பூக்கும். மாடி என்றால் கீழ்வீட்டு சீலிங்கில் மஞ்சள் வட்டம் விழும். அப்போது காரணம் தேடினால் யாருக்கும் கமோடு மேல் சந்தேகமே வராது. இரண்டாவது, சிமெண்டில் பதித்த கமோடை அடுத்த முறை உடைக்காமல் எடுக்க முடிவதில்லை. ஒரு ரப்பர் ரிங்கோடு முடிய வேண்டிய வேலை புதுக் கமோடில் போய் முடியும்.

சரி, தூக்கித்தான் பார்க்க வேண்டும். எப்படிக் கழற்றுவது?

இரண்டு பேர் வேண்டும். டேங்க் தனியாக உள்ள மாடல் என்றால் முதலில் டேங்கைக் கழற்றிவிடலாம். டேங்கோடு ஒரே துண்டாக வரும் மாடல் 40 கிலோ வரை இருக்கும், தனியாகத் தூக்க முயலாதீர்கள்.

ஆங்கிள் வால்வை மூடி, ஒருமுறை ஃப்ளஷ் செய்து டேங்கைக் காலி செய்யுங்கள். வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீரைப் பழைய கோப்பையால் மொண்டு, மிச்சத்தைத் துணியில் ஒற்றி எடுங்கள். கையுறை அவசியம். கனெக்‌ஷன் பைப்பைக் கழற்றுங்கள். சுற்றிலும் சிலிக்கான் இருந்தால் கட்டர் பிளேடால் அறுத்துவிடலாம். ஒயிட் சிமெண்ட் என்றால் பொறுமை வேண்டும்: மெல்லிய உளியைப் படுக்கைவாட்டில் வைத்து, சின்னச் சுத்தியலால் டைல்ஸ் பக்கமாகத் தட்டித் தட்டிப் பெயர்க்க வேண்டும். உளி பீங்கானை நோக்கி இருக்கக் கூடாது.

ஸ்க்ரூ துரு ஏறி அசையவில்லை என்றால் துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்து ஒரு மணி நேரம் விடுங்கள். அப்படியும் வராவிட்டால் ஹேக்ஸா பிளேடைக் கமோடுக்கும் தரைக்கும் நடுவே விட்டு அறுத்துவிடலாம். கடலோர வீடுகளில் பல நேரம் அந்த வேலையே இருக்காது. மேலே பளபளவென்று தலை இருக்கும், ஸ்பானர் வைத்ததும் கழுத்தோடு ஒடிந்து கையில் வரும். ஒடிந்த இடத்தைப் பாருங்கள், எட்டு மி.மீ. தடிமன் இருந்த ஸ்க்ரூ ஊசி போலத் தேய்ந்திருக்கும். இத்தனை நாளும் கமோடு தன் சொந்த எடையில் நின்றுகொண்டிருந்தது என்று அப்போதுதான் புரியும்.

கமோடை முன்னும் பின்னும் லேசாக ஆட்டி, நேராக மேலே தூக்கி, பழைய சாக்கின் மேல் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். உடனே குழாய் வாயைத் துணிப்பந்தால் அடையுங்கள். துணியை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, கயிறு கட்டி, கயிற்றின் முனையை வெளியே விட்டு அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் துணி உள்ளே போய் வேறு வேலை வைத்துவிடும். வாயை அடைப்பது நாற்றத்துக்காக மட்டும் இல்லை, மேலே வரும் வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் இருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், பீடி சிகரெட் வேண்டாம்.

தூக்கிப் பார்த்தால் பிவிசி குழாயின் வாயே உடைந்திருக்கிறது. இதற்கு என்ன வழி?

இதுதான் உண்மையான உடைசல். முதலில் சுற்றியுள்ள கறுத்த ஈரமண்ணையும் பழைய சிமெண்டையும் சுரண்டிச் சுத்தம் செய்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, எவ்வளவு ஆழத்துக்கு உடைந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள்.

விளிம்பில் மட்டும் சில்லு போயிருந்தால் குழாயை அந்த அளவுக்குச் சமமாக அறுத்துவிட்டு, உயரத்தை ஈடுகட்ட உயரமான ரப்பர் ரிங் போட்டால் போதும். எம்-சீல் வைத்து விளிம்பைக் கட்டுவதையும் பார்த்திருக்கிறேன். குழாய் எலும்பாகக் காய்ந்திருந்தால் பிடிக்கும், கொஞ்சம் ஈரம் இருந்தாலும் உரிந்துவிடும். நம் பக்கத்துத் தரையில் அந்த அளவுக்குக் காய்வது கஷ்டம்.

விரிசல் தரைக்குள் இறங்கியிருந்தால் ஒட்டுவேலை உதவாது. குழாயைச் சுற்றி ஓரிரண்டு டைல்ஸைப் பெயர்த்து, நல்ல குழாய் தெரியும் வரை தோண்டி, உடைந்த பகுதியை நேராக அறுத்து எடுக்க வேண்டும். அதன் மேல் 110 மி.மீ. கப்ளர் போட்டு, புதுத் துண்டுக் குழாயைச் சால்வெண்ட் சிமெண்டால் (பிவிசி ஒட்டும் பசை) ஒட்ட வேண்டும். ஒட்டும் இரண்டு முகமும் உலர்ந்து, உப்புத்தாள் தேய்த்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் இருக்க வேண்டும். பூசி, உள்ளே தள்ளி, கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஒரு ராத்திரி அதன்மேல் எதையும் வைக்காதீர்கள்.

துண்டுக் குழாய் வாங்கும்போது பி வகை என்று கேட்டு வாங்குங்கள். கழிவுக் குழாய்க்கான ஐ.எஸ். 13592 தரத்தில் ஏ வகை மழைநீருக்கும் காற்றுக் குழாய்க்கும், பி வகை கழிவுக்கு. 110 மி.மீ. குழாயில் ஏ வகையின் சுவர் 2.2 மி.மீ., பி வகையின் சுவர் 3.2 மி.மீ. தள்ளுபடி விலை என்று மெல்லியதைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். குழாயின் மேலேயே அச்சடித்திருக்கும், படித்துப் பாருங்கள்.

தோண்டியதை மூடும்போது மணலைத் தண்ணீர் விட்டு நன்றாகத் திமிசு போட்டுக் கெட்டியாக்க வேண்டும். மேலோட்டமாக நிரப்பி டைல்ஸ் ஒட்டினால் கொஞ்ச நாளில் அது அமுங்கும், கமோடும் கூடவே இறங்கும். இந்த இடத்துக்குக் கை தேர்ந்த கொத்தனார் இருப்பது நல்லது. புதுவையின் பழைய வீதிகளில் உள்ள வீடுகளில் வார்ப்பிரும்பு அல்லது மண்குழாய் வந்தால் நீங்களாக அறுக்கவே வேண்டாம். அது எங்கே வரை விரியும் என்று சொல்ல முடியாது.

பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினோம். அதன் பிறகுதான் கசிகிறது.

தரை உயர்ந்துவிட்டது, குழாய் வாய் பழைய மட்டத்திலேயே நின்றுவிட்டது. கமோடின் வாய் குழாய்க்குள் போதுமான அளவு இறங்கவில்லை. குழாய்க்கு மேல் ஒரு நீட்டிப்புத் துண்டு ஒட்டி, வாய் புதுத் தரை மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வரும்படி செய்யுங்கள். டைல்ஸ் ஒட்டும் அன்றே இதைச் சொல்லிச் செய்ய வைத்திருந்தால் கால் மணி நேர வேலை. புதிதாக டைல்ஸ் போடப் போகிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரூ ஓட்டை பெரிதாகிவிட்டது. எந்த ஸ்க்ரூ, எந்த பிளக்?

பழைய பிளக்கை நோண்டி எடுத்துவிட்டு, ஒரு அளவு பெரிய நைலான் பிளக்கை அடியுங்கள். ஓட்டை உடைந்து பொக்கையாக இருந்தால் கெமிக்கல் ஆங்கர் என்று டியூபில் கிடைக்கும் பசையை நிரப்பி அதிலேயே ஸ்டட்டை (தலையில்லாத மரை போட்ட கம்பி) நிறுத்தலாம். மரச்சில்லு அடித்து ஸ்க்ரூ முறுக்குவது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

புது ஓட்டை போடுவதென்றால் டைல்ஸைத் தாண்டும் வரை டிரில்லில் தட்டிக்கொண்டே துளைக்கும் சுத்தியல் ஓட்டத்தை (ஹாமர்) அணைத்து வையுங்கள், தாண்டிய பிறகு போடுங்கள். குழாய் போகும் திசையைத் தெரிந்துகொண்டு ஆழத்தை அளந்து துளையிடுங்கள்.

ஸ்க்ரூ 316 ரக எவர்சில்வர் கிடைத்தால் முதல் தேர்வு. அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும். அடுத்தது பித்தளை, பிறகு 304. கடலூர் லாரன்ஸ் ரோட்டுக் கடைக்குப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள். கப்பென்று ஒட்டிக்கொண்டால் அது முலாம் பூசிய இரும்பு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மெழுகு ரிங்கா, ரப்பர் ரிங்கா?

ரப்பர். மெழுகு ஒருமுறை நசுங்கினால் மறுபடி தூக்கி வைக்க முடியாது, புதிதுதான் வாங்க வேண்டும். ரப்பரை நேராக உட்காரும் வரை எடுத்து எடுத்து வைக்கலாம்.

திரும்ப வைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

துணிப்பந்தை வெளியே எடுத்தாயிற்றா என்று முதலில் பாருங்கள். சிரிக்க வேண்டாம், அவசரத்தில் மறந்துபோகும் முதல் விஷயம் இதுதான். ரிங்கைக் கமோடின் வாயில் மாட்டி, ஸ்க்ரூ ஓட்டைகளுக்குத் தரையில் பென்சில் குறி போட்டுக்கொண்டு, நேராகக் கீழே இறக்குங்கள். இறக்கிய பிறகு இழுத்துத் திருகக் கூடாது. மேலே உட்கார்ந்து எடையைக் கொடுத்தால் ரிங் அமுங்கிச் சேரும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, பிளாஸ்டிக் வாஷரோடு ஸ்க்ரூவை மாற்றி மாற்றி முறுக்குங்கள்.

பிறகு தண்ணீர் விட்டு, கேசரிப் பவுடர் சோதனையை மறுபடி செய்யுங்கள். காகிதம் சுத்தமாக இருந்தால் மட்டும் விளிம்பில் சிலிக்கான் போடுங்கள். நியூட்ரல் வகை சிலிக்கான் கேளுங்கள். வினிகர் நாற்றம் அடிப்பது உலோகத்தையும் சிமெண்டையும் பாதிக்கும். பின்பக்கத்தில் இரண்டு விரல் அகலம் பூசாமல் விட்டுவிடுங்கள். நாளைக்குக் கசிந்தால் அந்த வழியாக வெளியே வந்து சொல்லிவிடும்.

கமோடிலேயே மயிரிழை விரிசல் இருக்கிறது. ஒட்டலாமா?

ஒட்டாதீர்கள். உள்ளே தண்ணீர் நிற்கும் பகுதியிலோ உட்காரும் எடை தாங்கும் பகுதியிலோ விரிசல் இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். பீங்கான் உடையும்போது கத்தியாக உடையும், ஆழமாக வெட்டும். விருத்தாசலம் பீங்கான் தொழில் நம் கடலூர் மாவட்டத்தின் பெருமை, சூளையில் வெந்த பீங்கானை மறுபடி இணைக்க முடியாது என்பதை அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

புதிது வாங்கும் முன், டைல்ஸ் ஒட்டி முடிந்த சுவரிலிருந்து குழாய் வாயின் நடுப்புள்ளி வரை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். எஸ்-டிராப்பில் 4 இன்ச், 9 இன்ச், 12 இன்ச் என்று வரும். இந்த ஓர் எண் தெரியாமல் வாங்கி வந்து திருப்பிக் கொண்டு போகிறவர்கள் ஏராளம்.

இந்தியன் டாய்லெட்டுக்கு இதே முறையா?

இல்லை. பீங்கான் தொட்டியும் (பேன்) அதன் அடியிலுள்ள டிராப்பும் தரைக்குள் பதிந்தவை. கொத்தித்தான் எடுக்க வேண்டும், அது கொத்தனார் வேலை.

கசிவு இல்லை, ஆட்டமும் இல்லை, ஆனால் நாற்றம் வருகிறது.

கமோடை விட்டுவிட்டுக் குளிக்கும் இடத்துத் தரை டிராப்பைப் பாருங்கள். நானி டிராப் என்பார்களே, அதுதான். அதில் குறைந்தது 50 மி.மீ. தண்ணீர் நின்றால்தான் வாயுவைத் தடுக்கும். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனால் வெயிலில் வற்றிவிடும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் சரியாகும். சல்லடைக்கு அடியிலுள்ள கிண்ணத்தை யாராவது கழற்றிப் போட்டிருந்தால் எவ்வளவு ஊற்றினாலும் நாற்றம் போகாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் கமோடு களகளவென்று சத்தம் போடுகிறது, தண்ணீர் மேலே ஏறுகிறது.

அது தரைப் பொருத்தின் குறை இல்லை. கெடிலமும் தென்பெண்ணையும் நிரம்பி ஓடும் நாட்களில் நம் பக்கம் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். செப்டிக் டேங்கிலிருந்து வெளியேற இடமில்லாமல் தண்ணீர் பின்னால் தள்ளும். மழை வடியும்வரை குறைவாகப் பயன்படுத்துங்கள். மழைக்கு முன்பே லாரி வரவழைத்து டேங்கைக் காலி செய்துவைப்பதும், காற்றுக் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் உதவும்.

எந்தக் காரணத்துக்காகவும் ஒரு மனிதரை டேங்குக்குள் இறங்கச் சொல்லாதீர்கள், அவரே இறங்குகிறேன் என்றாலும் விடாதீர்கள். கையால் கழிவு அகற்றும் வேலையைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். உள்ளே இருக்கும் வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குகிறவரையும் சேர்த்து.

பிளம்பரைக் கூப்பிட்டால் என்ன சொல்ல வேண்டும்?

வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, சிமெண்ட் போட்டு மூடிடாதீங்க. ரப்பர் ரிங் போட்டு, ஸ்க்ரூல நிறுத்திக் குடுங்க. தூக்கினதும் என்னைக் கூப்பிடுங்க, குழாய் வாயை நானும் பாக்கணும்." நல்ல வேலைக்காரர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். தூக்கிய நிலையில் ஒரு ஃபோட்டோ எடுத்து வையுங்கள். வாடகை வீடு என்றால் அதை வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்குங்கள், செலவு யாருடையது என்ற பேச்சு சுலபமாகும்.

முடித்த பிறகு எவ்வளவு நேரம் கழித்துப் பயன்படுத்தலாம்?

ரப்பர் ரிங்கும் ஸ்க்ரூவும் மட்டும் மாற்றியிருந்தால் சோதனை முடிந்ததுமே பயன்படுத்தலாம். சிலிக்கான் போட்டிருந்தால் ஒரு நாள் அந்த இடம் நனையாமல் இருக்க வேண்டும். தரையைத் தோண்டிக் குழாய் மாற்றி டைல்ஸ் ஒட்டியிருந்தால் இரண்டு மூன்று நாள் கமோடை ஏற்றாமல் விடுங்கள். அதுவரை பக்கத்து வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.